பதினாறில் யார் இருக்கிறார்கள்?

பல நாள் கடலில் நிற்கும் தங்கலுக்குப் போகும் விசைப்படகின் வயர்லெஸ் செட்டில் பேச்சு ஓயாது. எந்தப் பக்கம் மீன் படுகிறது, ஐஸ் எவ்வளவு மிச்சம், கரையில் கணவாய் என்ன விலை, யார் வீட்டில் விசேஷம் எல்லாம் அதில்தான் ஓடும். ஊருக்கு ஊர், கூட்டாளிக்குக் கூட்டாளி, தனிச் சேனல். மீன் பட்ட இடத்தை அடுத்த ஊர்க்காரன் ஒட்டுக்கேட்டுவிடக் கூடாதே! தொழில் அப்படி. எனக்குள்ள கவலை வேறு. அத்தனை பேரும் அவரவர் சேனலில் இருக்கும்போது பதினாறாம் சேனலில் யார் இருக்கிறார்கள்?

156.8 மெகாஹெர்ட்ஸ். எந்த நாட்டுக் கடலானாலும் வி.எச்.எஃப் செட்டில் உதவி கேட்டுக் கூப்பிடும் சேனல் அது.

ஒரு காலத்தில் கப்பல்களின் ரேடியோ அறைக் கடிகாரத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் தீட்டியிருப்பார்கள். முள் பச்சைக்குள் நுழைந்தால் 2182 கிலோஹெர்ட்ஸில் மூன்று நிமிடம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. மணிக்கு இரண்டு தடவை. சிவப்பு, தந்திக்கான 500 கிலோஹெர்ட்ஸுக்கு. எங்கோ ஒருவன் ஈனக்குரலில் கூப்பிட்டால் காதில் விழட்டும் என்றுதான் அந்த மௌனம். ஊரே பேசாமலிருந்து ஒருவனுக்குக் காது கொடுத்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

1999 பிப்ரவரி 1 முதல் புதிய முறை முழுமையாக வந்தது. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களில் ஆபத்துச் செய்தியை எழுபதாம் சேனலில் கருவியே கேட்டு மணியடிக்கும். அப்படியானால் மனிதர் காது வைத்துப் பதினாறைக் கேட்பானேன் என்று அந்தக் கடமையையே எடுத்துவிடப் பார்த்தார்கள். 2002-ல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, இப்போதைக்கு வேண்டாம், தொடரட்டும் என்றது. அதற்குச் சொன்ன முக்கியக் காரணம், அந்தப் புதிய முறைக்குள் வராத சிறிய கலங்கள். அதாவது நம்முடையவை போன்ற படகுகள். நமக்காகப் பெரிய கப்பல்காரன் பதினாறில் காத்திருக்கிறான். நாம் மீன் விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே கப்பல் போகும் பாதையிலேயே நம் ஆட்கள் வலை விடுகிறார்கள். இரவில் ஒரு கப்பல் நேராக வந்தால் அதைக் கூப்பிடவும் பதினாறுதான். ஏரியல் நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தால் படகுக்கும் படகுக்கும் இடையே பத்துக் கடல் மைல்கூடத் தேறாது. முப்பது மீட்டர் உயரத்தில் ஏரியல் வைத்த கப்பலுக்கு அதில் ஏறக்குறைய இரு மடங்கு எட்டும். ஆகவே ஏரியலை உயரக் கட்டுங்கள். உப்பேறிப் பச்சை பிடித்த இணைப்பை மாற்றுங்கள். எத்தனை செட் பழுதில்லாமலே ஊமையாகக் கிடக்கிறது!

2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு இதெல்லாம் பழைய கதை என்பவர்கள் உண்டு. அன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களைக் கரையின் வி.எச்.எஃப் எட்டவில்லை, செயற்கைக்கோள் கருவிதான் தீர்வு என்கிறார்கள். பேச்சில் நியாயம் இருக்கிறது. ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் தரும் திட்டமும் 2024-ல் தொடங்கியாயிற்று. ஆனால் அந்தக் கருவி அனுப்பும் ஆபத்துச் செய்தி கரைக்குப் போகிறது. கரையிலிருந்து கப்பல் வந்து சேர எத்தனை மணி நேரம்? கவிழ்ந்த படகிலிருந்து ஆளைத் தூக்கப்போவது ஐந்து மைலில் வலை இழுக்கும் பக்கத்துப் படகு. அதன் டிரைவருக்கு விஷயம் தெரிய வேண்டுமே.

வழி செட்டிலேயே இருக்கிறது. டூயல் வாட்ச் என்ற வசதி பெரும்பாலான செட்களில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் உங்கள் சேனல் பேச்சும் கேட்கும், பதினாறில் குரல் வந்தால் அதுவும் கேட்கும். ஆங்கிலம் தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். மேடே என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, ஜி.பி.எஸ்ஸில் தெரியும் எண்கள், படகில் எத்தனை பேர். பிலிப்பைன்ஸ் மாலுமிக்கும் இது புரியும். படகில் கடைசியாக ஏறிய பையனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். டிரைவர் தண்ணீரில் கிடந்தால் மைக்கை எடுக்கப்போவது அவன்தான்.

கரையில் காத்திருக்கும் வீட்டார் கடலோரக் காவல் படையை அழைக்கும் எண் 1554. கட்டணம் கிடையாது.