கேட்டற் கருவி: கடையிலா, நிபுணரிடமா?

கண் மங்கினால் மனிதன் தன் கண்ணைக் குறை கூறுகின்றான். காது மங்கினாலோ பிறருடைய வாயைக் குறை கூறுகின்றான். இக்காலத்துப் பிள்ளைகள் வார்த்தையை மென்று விழுங்குகின்றனர் என்பான். வானொலியிற் செய்தி வாசிப்பவருக்குக் குரல் போதாது என்பான். வீட்டிலுள்ளோர் சற்று இரைந்து பேசினால், "நான் என்ன செவிடனா, ஏன் கத்துகிறீர்கள்?" என்று சினந்து கொள்வான். முதுமையில் வரும் செவிக்குறை பெரும்பாலும் இவ்வாறே வந்து சேர்கின்றது. அது தொடங்கிய நாளை எவராலும் குறித்துச் சொல்ல முடிவதில்லை.

இதற்குக் காரணம் உட்செவியின் அமைப்பிலேயே உள்ளது. நத்தையோடு போலச் சுருண்டிருக்கும் ஓர் உறுப்பினுள் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உள. ஒலியின் அதிர்வை நரம்புக்கு எடுத்துக் கொடுப்பவை இவையே. ஒரு முறை அழிந்தால் மனிதருக்கு இவை மீண்டும் முளைப்பதில்லை. அழிவும் எல்லா இடத்திலும் ஒரே வேளையில் நேர்வதன்று. உச்சத் தொனிகளைப் பற்றும் கலங்களே முதலிற் கெடுகின்றன. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த தொனியும் வலிமையும் உடையவை; மெய்யொலிகள் பல மெலிந்தவை, உயர்ந்த தொனியுடையவை. ஆகவே முதியவரின் காதிற் பேச்சு விழுகின்றது, சொல் விளங்குவதில்லை. "பால் வேண்டுமா?" என்று மகள் கேட்டால், அது பாலா, காலா, தாளா என்று தடுமாறுகின்றார். ஓசையை வெறுமனே கூட்டுவதால் மட்டும் இக்குறை தீராது. எந்தத் தொனியை எவ்வளவு கூட்டுவது என்பதே கேட்டற் கருவியின் முழு இரகசியமுமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் இந்த வேலை நெடுங்காலம் பெரும்பாலும் நிபுணர் கையிலேயே இருந்தது. 2013ஆம் ஆண்டில் அங்கு ஒரு சோடிக் கருவி சராசரியாக 4,700 டொலர் விலை போயிற்று. பரிசோதனை, பொருத்துதல், பின்னர் திருத்தியமைத்தல் யாவும் பெரும்பாலும் அவ்விலையினுள் அடக்கம். முதியோருக்காக 1965இல் ஏற்பட்ட மெடிக்கெயர் காப்புறுதித் திட்டமோ, அதன் அடிப்படை வடிவில், கேட்டற் கருவிக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. எனவே கருவி தேவைப்பட்டோருட் பெரும்பாலோர் அஃதின்றியே காலங்கழித்தனர். எலிசபெத் வொறன், சக் கிறாஸ்லி என்னும் இரு செனட்டர்கள் எதிரெதிர்க் கட்சியினராயிருந்தும் இவ்விடயத்தில் ஒன்றுபட்டு நின்றனர். 2017இற் சட்டம் நிறைவேறிற்று. விதிகள் வகுக்க மேலும் ஐந்தாண்டுகள் சென்றன. 2022 ஒக்டோபர் 17 முதல், வைத்தியரின் சீட்டோ செவிப்புல நிபுணரின் பரிசோதனையோ இன்றி, மூக்குக்கண்ணாடி வாங்குவது போலக் கடையிற் கேட்டற் கருவி வாங்கும் உரிமை அந்நாட்டவர்க்குக் கிட்டியது. 2024 செப்டெம்பரில், அப்பிள் நிறுவனத்தார் பாட்டுக் கேட்பதற்கென விற்கும் காதுக்கருவியொன்றையே கேட்டற் கருவியாக மாற்றும் மென்பொருளுக்கும் அனுமதி வழங்கப்பட்டது.

உரிமைக்கு எல்லையும் உண்டு. கடைக்கருவி 18 வயது நிறைந்தோருக்கே உரியது. குழந்தைகளுக்கு ஒருபோதும் ஆகாது. தமக்கு இலேசான அல்லது நடுத்தரமான செவிக்குறை உண்டென்று தாமே உணர்பவர்களே அதனை வாங்கலாம். அதிலிருந்து வெளிவரும் ஒலி 111 டெசிபெலுக்கு மேற்படலாகாது. உள்வரும் ஒலிக்கேற்பத் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் வகையாயின் 117 வரை செல்லலாம். பேரிரைச்சலான யந்திரத்தின் ஒலிகூடச் சரியாகக் கேளாதவர்க்கு இக்கருவி போதாது. இதே கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெறும் ஒலிகூட்டிகளையும் கேட்டற் கருவியையும் ஒன்றென மயங்குதல் கூடாது. அவை நற்செவி உடையோருக்கென ஆக்கப்பட்டவை.

கடைக்கருவி பயன் தருமா என்பதற்கு இந்தியானா பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நல்ல விடை தருகின்றது. 55 முதல் 79 வயது வரையான 154 பேர் அதிற் பங்குபற்றினர். அனைவருக்கும் கொடுபட்டது ஒரே வகைக் கருவிதான். ஒரு பகுதியினருக்கு நிபுணர் அளந்து பொருத்தினார். இன்னொரு பகுதியினர் முன்கூட்டியே அமைத்து வைக்கப்பட்டவற்றுள் தமக்கேற்றதைத் தாமே தெரிந்தெடுத்தனர். மூன்றாம் பகுதியினருக்குக் கிடைத்தது ஒலியைக் கூட்டாத போலி அமைப்பு. ஆறு வாரங்களின் பின் நோக்கியபோது, முதலிரு பகுதியினரும் பெற்ற பயன் பெரும்பாலும் ஒத்திருந்தது. ஆயினும் தாமே தெரிந்தெடுத்தவர்களிடம் திருப்தி குறைவு. கருவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பியோரும் குறைவு. கருவி ஒன்றேயாதலின், வேறுபாடு பொருத்திய கையிலும் சொல்லிக் கொடுத்த வாயிலுமே இருந்தது எனலாம். புதிய ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் செல்லும். அதனை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாவிடின், தட்டின் ஒலியும் கடுதாசியின் சலசலப்பும் காதைத் துளைக்கின்றன என்று நான்காம் நாளே கருவி மேசை லாச்சிக்குட் போய்விடும்.

இவ்வளவும் பணமும் பொறுமையும் பற்றிய பேச்சு. இதனினும் பெரிய விடயம் ஒன்றுண்டு. கருவி கேட்க உதவுமேயன்றி, ஏன் கேட்கவில்லை என்று சொல்லாது. உரத்து ஒலிக்கச் செய்தால் நோயும் மறைந்து கிடக்கும். இதனாலேயே பெட்டியின் வெளிப்புறத்தில் அபாய அறிகுறிகளை அச்சிடவேண்டும் என்று சட்டம் விதித்தது. காதிலிருந்து சீழோ இரத்தமோ வடிதல், நோவு, தலைச்சுற்று, குறும்பி அடைப்பு, கேள்வி ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடுதல் ஆகியன அவற்றுட் சில. ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்பதும், ஒரு காது மற்றதிலும் மந்தமாவதும் குறிப்பாகக் கவனிக்கத்தக்கவை. முதுமையின் தேய்வு இரு காதுகளையும் ஏறக்குறைய ஒன்றாகவே பற்றும். ஒரு பக்கத்தை மட்டும் பற்றும் குறைக்கு, அரிதாயினும், செவி நரம்பில் வளரும் கட்டியும் காரணமாகலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது திடீர்ச் செவிடு. இரவு நன்றாய்க் கேட்ட காது காலையில் அடைத்தது போலிருக்கும். குறும்பியாயிருக்கும், இரண்டு நாளிற் சரியாகும் என்று பலர் வாளாவிருந்து விடுகின்றனர். உண்மையில் அது உட்செவி பாதிக்கப்பட்டதன் அடையாளமாயிருக்கலாம். ஸ்டீரொயிட் மருந்தைச் சில நாட்களுக்குள் தொடங்கினாற் பலருக்குக் கேள்வி மீளுகின்றது. வாரங்கள் கடந்தபின் அந்த வாய்ப்பு நழுவிவிடுகின்றது. அந்நாட்களிற் கருவி தேடிக் கடைக்குப் போகின்றவர், மீட்கக்கூடிய செவியைத் தாமே இழந்தவராகின்றார்.

நிபுணரிடம் சென்றால் நடப்பது என்ன? ஒலி புகாத அறையில் இருத்தி, ஒவ்வொரு தொனியிலும் கேட்கும் மிகச் சிறிய ஒலியை அளக்கின்றார். பின்னர், காதின் பின்னெலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைத்து மீண்டும் அளக்கின்றார். காற்று வழியிற் கேளாதது எலும்பு வழியிற் கேட்குமாயின், பழுது உட்செவியில் அன்று. புறச்செவியிலோ நடுச்செவியிலோ என்பது தெளிவு. அத்தகைய குறைகளுட் சில மருந்தாலும் சத்திரசிகிச்சையாலும் தீர்பவை. கைத்தொலைபேசிச் செயலி நடத்தும் சோதனை வழக்கமாகக் காற்று வழியை மட்டுமே அளக்கின்றது. கருவியைப் பொருத்தும்போது செவிக்குழலுள் மெல்லிய குழாயொன்றை விட்டு, அங்கு உண்மையிற் சேரும் ஒலியை அளப்பதும் நல்ல நிபுணரின் வழக்கம். எல்லோரும் இதனைச் செய்வதில்லை. செய்வாரா என்று முன்னரே கேட்டறிதல் நன்று. பரிசோதனையை நிபுணரிடம் செய்வித்து, குறை இலேசானதென்று கண்டபின் கருவியைக் கடையில் வாங்கிக்கொள்வதற்கும் தடையில்லை. பணத்தை எண்ணிச் செலவிடுவோருக்கு இதுவே உகந்த வழி.

கடல் கடந்து வாழும் மகன், ஊரிலிருக்கும் தந்தைக்கு இத்தகைய பெட்டியொன்றை வாங்கி அனுப்ப எண்ணலாம். சட்டம் கூறுவதோ, அணிபவர் தாமே உணரும் குறையைப் பற்றி. வாங்குபவர் மகன், கேளாதவர் தந்தை. எனவே அனுப்புமுன் அவரிடமோ தாயிடமோ சிலவற்றை விசாரித்தல் வேண்டும்: இரு காதும் ஒன்றாகவே மந்தமா? மெல்ல வந்ததா, ஒரே நாளில் வந்ததா? சீழோ தலைச்சுற்றோ உண்டா? காதைத் திறந்து பார்த்த வைத்தியர் எவரேனும் உளரா? திருப்பிக் கொடுக்கும் தவணையும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். பெட்டி கடல் கடந்து வந்து, தந்தை அதனை அணிந்து பழகி, தமக்கு ஒவ்வாது என்று சொல்லும் வரை அத்தவணை காத்திராது.