பத்து ஆண்டுகள் தூங்கிய கப்சாய்

சி ரூசா, லுக்குட் என்று போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பங்கள் சிலவற்றில் இன்னமும் ஒரு பழைய ஹோண்டா இருக்கும். தாத்தா விடியற்காலையில் பால்மரக் காட்டுக்கு ஓட்டிப் போன வண்டி. அவருக்குப் பிறகு விற்க மனம் வராமல், தார்ப்பாய் போர்த்தி வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார்கள்.

இவ்வகை வண்டி ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு வெளிவந்தது. இதை மலாயாவுக்குக் கொண்டு வந்தவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. 'கப்' என்ற அதன் பெயரோடு சீனப் பேச்சு வழக்கின் 'சாய்' ஒட்டிக்கொண்டதால்தான் நமக்கு அது கப்சாய். 2017-இல் உலகம் முழுவதும் தயாரான இவ்வகை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியை எட்டியது.

விடுமுறையில் பேரன் தார்ப்பாயை விலக்குகிறான். புதுப் பெட்ரோல் ஊற்றி உதைக்கிறான். வண்டி இருமிவிட்டு நின்றுவிடுகிறது. உடனே திருப்புளியை எடுத்து, கார்புரேட்டரில் கண்ணில் படும் திருகியையெல்லாம் திருகுகிறான். பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். கோளாறு திருகியில் இல்லை, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு துளையில் இருக்கிறது.

கார்புரேட்டரின் நடுவே காற்று செல்லும் குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும். அங்கே காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் பெர்னூலி கோட்பாடு இதுவே. கீழே உள்ள சிறு கிண்ணத்தில் பெட்ரோல் வளிமண்டல அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தம் பெட்ரோலை 'ஜெட்' என்னும் பித்தளைத் துளை வழியே மேலே தள்ளுகிறது. இயந்திரம் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோமே, உண்மையில் தள்ளும் வேலையைச் செய்வது வெளிக்காற்றுதான்.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கேட்கச் சிறிய கணக்குதான். ஆனால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு என்று பார்த்தால் சுமார் 9,000 லிட்டர் காற்று! இந்த அளவைக் காப்பது அந்தச் சிறு துளை.

வண்டி நின்றபடியே கிடந்தால் என்ன ஆகும்? பெட்ரோல் ஒரே பொருள் அன்று, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். குளிர்ந்த இயந்திரத்தில் முதல் தீயைப் பிடிக்க உதவுவது அந்தப் பகுதிதான். எஞ்சியதில் உள்ள நிறைவுறாத ஹைட்ரோகார்பன்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, காய்ந்த பிசின்போல் துளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சி ரூசாபோன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று வேறு. இரும்புத் தொட்டிக்குள் துருவும், உலோக உடலில் வெண்பொடியும் சேர்ந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஜெட் துளையின் விட்டம் 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுவரைச் சுற்றி 0.05 மி.மீ. பிசின் படிந்தால் விட்டம் 0.3 ஆகிவிடும். பரப்பளவு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? ஏறக்குறைய ஒரு தலைமுடித் தடிப்பே உள்ள படிவு, துளையின் பரப்பில் 44 விழுக்காட்டை விழுங்கிவிட்டது. எந்தத் திருகியைத் திருப்பினாலும் இந்த இழப்பு சரியாகாது.

அதனால் முதலில் சுத்தம். பழைய பெட்ரோலை வடித்து, தொட்டியில் துரு இருக்கிறதா என்று பார்த்து, வெடித்த ரப்பர் குழாயை மாற்ற வேண்டும். பிறகு ஜெட்டுகளைக் கழற்றி, துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது. 0.4 துளை 0.5 ஆகிவிட்டால் பரப்பு 56 விழுக்காடு கூடிவிடும். அப்புறம் புது ஜெட்தான் வாங்க வேண்டும்.

திருகிக்கு வேலை இதற்குப் பிறகுதான். காற்றுத் திருகியை மெதுவாக முழுவதும் உள்ளே திருகி, ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது வழக்கமான தொடக்கம். இயந்திரம் நன்கு சூடான பின், கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் எங்கே சீராகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே திருகினால் காற்று குறையும், பெட்ரோல் மிகுந்த கலவை வரும். சில வண்டிகளில் அந்தத் திருகி காற்றையல்ல, பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். அங்கே எல்லாம் தலைகீழ். கையேட்டைப் பார்க்காமல் தொடக்கூடாது.

1959-இல் வந்த டிரையம்ஃப் பொன்னவில்போல் இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை விட வேண்டும். ஒன்று முந்தினால் ஒரு சிலிண்டர் உழைக்கும், மற்றது அதன் முதுகில் சவாரி செய்யும். இரு வெற்றிட அளவிகளைப் பொருத்தி இரண்டையும் சமப்படுத்துவார்கள். அனுபவம் உள்ள போமென் காதாலேயே பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் துணையோடு திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மிதவை ஊசி சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வழிந்து தரையில் ஓடும், அருகில் ஒரு தீப்பொறி போதும்.

ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்ததும், இயந்திரம் ஆறியபின் தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பாருங்கள். கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், இப்படியே ஓட்டினால் சூடு ஏறிப் பிஸ்டனே கெடலாம். மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் திருப்புளியைக் கீழே வைத்துவிடுங்கள்.