பொலிஸ் நிலையம் மூடப்பட்ட கிராமங்கள்

அயர்லாந்து எமது நாட்டைப் போன்று ஒரு தீவு. மாடும் ஆடும் வளர்த்துச் சீவிக்கும் குடும்பங்கள் அங்கு ஏராளம். 2012ஆம் ஆண்டில் 39, 2013ஆம் ஆண்டில் 100 என இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டின் 139 பொலிஸ் நிலையங்கள் மூடப்பட்டன. இருந்த ஏறக்குறைய 700 நிலையங்களில் இது ஐந்தில் ஒரு பங்கு. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை கிராமப்புற நிலையங்களாகும்.

ஏன் மூடினார்கள்?

2008இல் ஏற்பட்ட நிதி நெருக்கடியால் அரசாங்கம் செலவைக் குறைத்தது. 2009 முதல் 2014 வரை பொலிசுக்குப் புதிதாக ஆள் சேர்க்கப்படவில்லை. சிறிய நிலையங்கள் பல நாளுக்குச் சில மணித்தியாலங்களே திறந்திருந்தன. பலவற்றில் ஒரேயொரு உத்தியோகத்தரே கடமையாற்றினார். அவர் மேசையில் இருப்பதிலும் பார்க்க வீதியில் ரோந்து செல்வதே பயன் என்றது அரசாங்கம். இந்த நியாயத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது.

இழந்தது எது?

ஆனால் கிராமத்தவர்கள் இழந்தது ஒரு கட்டடத்தை மாத்திரமல்ல. 'கார்டா' எனப்படும் அந்நாட்டுப் பொலிசார் பொதுவாகத் துப்பாக்கி ஏந்துவதில்லை. ஊராரின் நம்பிக்கையே அவர்களது பலம். எந்த வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார், எந்த உழவு இயந்திரம் யாருடையது என்பதெல்லாம் ஊர் உத்தியோகத்தருக்குத் தெரியும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் சாட்சிக் கையொப்பம் பெறவும் மக்கள் அவரிடமே சென்றனர். பல மைல் தொலைவிலிருந்து ரோந்து வரும் வாகனத்துக்கு இந்த அறிமுகம் இல்லை. நெடுஞ்சாலை வழியே வந்து, டீசலையும் பண்ணைக் கருவிகளையும் திருடிக்கொண்டு சென்றுவிடும் கூட்டங்களை எண்ணி, தனித்திருந்த முதியவர்கள் அஞ்சினார்கள்.

மக்கள் செய்தது

இங்கே ஒரு பழைய அமைப்பு கைகொடுத்தது. 'முயின்டிர் ந டீர' என்னும் கிராம முன்னேற்ற இயக்கத்தை 1930களில் ஆரம்பித்தவர் அருட்தந்தை ஜோன் ஹேய்ஸ். அவரது குடும்பம் காணியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். வெளியேற்றப்பட்டோருக்கென அமைக்கப்பட்ட குடிசையொன்றிலேயே 1887இல் அவர் பிறந்தார். அயலவர்கள் ஒன்றுகூடித் தமது கிராமத்தைத் தாமே கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவரது எண்ணம்.

அவ்வியக்கம் 1985இல் பொலிசாருடன் இணைந்து சமூக விழிப்புக் குழுக்களை அமைத்தது. நிலையங்கள் மூடப்பட்ட 2013இல் குறுஞ்செய்தித் திட்டமும் ஆரம்பமாயிற்று. முறை எளியது. சந்தேகத்துக்குரிய வாகனத்தைக் காண்பவர் முதலில் பொலிசுக்கு அறிவிப்பார். பொலிசார் அதைப் பரிசீலித்துக் குழுவின் பொறுப்பாளருக்கு அனுப்புவர். அவர் ஊர் முழுவதற்கும் அனுப்புவார். ஊரார் தாமே ஆளைப் பிடிப்பதோ, ஒருவரைக் கள்வரெனப் பெயர் குறித்துச் செய்தி பரப்புவதோ இத்திட்டத்தில் இல்லை. வதந்தியால் குற்றமற்றவர் அடிபடாதிருக்க இது அவசியம்.

எனினும் மக்கள் இதனுடன் திருப்தியடைந்துவிடவில்லை. விழிப்புக் குழு பொலிசுக்கு உதவியே அன்றி, பொலிசுக்குப் பதிலாகாது எனக் கூறி, கூட்டங்கள் கூடித் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2016இல் பதவியேற்ற அரசாங்கம், ஆறு நிலையங்களைப் பரீட்சார்த்தமாக மீளத் திறப்பதாக உறுதியளித்தது. 139இல் ஆறு சொற்பமே. ஆனாலும் மூடியது மூடியதுதான் என்ற பேச்சு அத்துடன் முடிவுக்கு வந்தது.

இடம்பெயர்ந்து வாழும் எமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பல ஊர்களிலிருந்து வந்து ஒரே குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அடுத்த வீட்டாரே அந்நியர். ஒருவரையொருவர் அறிவதே முதற் காவல். அதற்கு மேல் பாதுகாப்புத் தருவது அரசின் கடமை. அதைக் கேட்பது எமது உரிமை. இரண்டில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிடலாகாது.

கூடிப் பேசுவோம்

1. எமது குடியிருப்பில் தனியே வாழும் முதியவர்கள் யார்? இரவில் அவர்களை யார் பார்க்கிறார்கள்?
2. களவோ சண்டையோ நடந்தால் முதலில் யாரிடம் சொல்கிறோம்? ஏன்?
3. முறைப்பாடு செய்ய நாம் எவ்வளவு தூரம் போகவேண்டியுள்ளது? பெண்கள் தயக்கமின்றிப் போக முடிகிறதா?