பழகிடும் மேடம்! - படிக்கட்டில் தடுமாற வைத்த புரோகிரசிவ் கண்ணாடி... வாங்கும் முன் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

"போர்டுல நானே எழுதுன கணக்கு எனக்கே மங்கலா தெரியுதுடா!" என்று அக்கா போனில் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "இன்னிக்கு ஸ்கூல் மாடிப்படியில கடைசிப் படியைக் கவனிக்காம கால் வெச்சுட்டேன். கை பிசகிடுச்சு."

அக்காவுக்கு 47 வயது. மதுரையில் கணக்கு டீச்சர். தூரப்பார்வைக்கு ஏற்கெனவே கண்ணாடி போடுபவர். சில வருடங்களாக நோட்டு திருத்தும்போது கண்ணாடியைக் கழற்றுவது, போர்டைப் பார்க்கும்போது மாட்டுவது என்று இருந்தார். கடைக்குப் போனபோது, "ஒரே கண்ணாடியில எல்லாம் தெரியும் மேடம்... கோடும் இருக்காது, வயசும் தெரியாது" என்றார்கள். 16,500 ரூபாய் கொடுத்து வாங்கினார். மூன்றாவது நாள்தான் இந்தத் தடுமாற்றம்.

கடையில் போய்ச் சொன்னால் ஒரே பதில்: "பழகிடும் மேடம்." இரண்டு வாரம் கழித்துப் போனார். அதே பதில். மூன்றாவது வாரம் கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது.

வெள்ளெழுத்துக்கு என்னென்ன வழி?

நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், பக்கத்தில் பார்க்கும்போது தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். வயது ஏற ஏற அந்த நெகிழ்வு குறைகிறது. 40-ஐ ஒட்டி அது நமக்குத் தெரிய ஆரம்பிக்கும். செல்போனைத் தள்ளிப் பிடிப்போமே, அதுதான் வெள்ளெழுத்து. இது நோயல்ல, எல்லோருக்கும் வரும். இதற்காக எழுதித் தரும் கூடுதல் பவர், தொடக்கத்தில் +1-ஐ ஒட்டியிருக்கும். 60 வயதுவாக்கில் +2.5 வரை போகும்.

வழிகள் மூன்று. படிக்க மட்டும் தனிக் கண்ணாடி. கீழே சின்ன ஜன்னல் போலக் கோடு தெரியும் பைஃபோகல். மூன்றாவது, புரோகிரசிவ். பிரான்ஸைச் சேர்ந்த பெர்னார்ட் மெத்னாஸ் என்ற பொறியாளர் உருவாக்கி, 1959-ல் 'வேரிலக்ஸ்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது இந்த வகை. மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர் தூரம், கீழே படிக்கும் தூரம் என்று பவர் படிப்படியாக மாறும்.

ஆனால், இதில் ஒரு விஷயத்தைக் கடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. கோடு இல்லாமல் பவர் மாற வேண்டுமென்றால், லென்ஸின் இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் மங்கலும் நெளிவும் வந்தே தீரும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதைக் குறைக்கலாமே தவிர, அடியோடு ஒழிக்க முடியாது. தெளிவான பாதை நடுவில் ஒரு சந்து மாதிரிதான் இருக்கும். அந்தச் சந்து சரியாக நம் கண்மணிக்கு நேராக அமைய வேண்டும். அக்கா விஷயத்தில் கோட்டை விட்டது இங்கேதான்.

மூன்று மில்லிமீட்டர் செய்த வேலை

வேறொரு இடத்தில் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் அக்காவை அழைத்துப் போனேன். அவர் பவரைச் சோதித்தார். அதில் தப்பில்லை. பிறகு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, அதில் பொறித்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குறிகளைத் தேடி மார்க்கரால் புள்ளி வைத்தார். கண்மணிக்கு நேராக வர வேண்டிய புள்ளி, இரண்டு கண்ணிலும் மூன்று மில்லிமீட்டர் மேலே இருந்தது.

"உங்களுக்கு அளவு எடுக்கும்போது ஃபிரேமை மாட்டிவிட்டு, லென்ஸ் மேல பேனாவால புள்ளி வெச்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே சார். நெத்திக்கிட்ட ஸ்கேல் மட்டும் வெச்சுப் பார்த்தாங்க."

ஃபிரேமும் உயரம் குறைவானது. படிக்கும் பகுதி கீழே அடங்காது என்பதால் எல்லாவற்றையும் மேலே ஏற்றியிருக்கிறார்கள். அதனால் நேராகப் பார்த்தாலே நடுத்தூரப் பவர் குறுக்கே வந்திருக்கிறது. போர்டு மங்கியதும், படி தெரியாமல் போனதும் அதனால்தான். 'கண்ணுக்குத்தான் ஆகவில்லை' என்று அக்கா மூன்று வாரம் தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

கடையில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

* முதலில் பரிசோதனை: 40-க்கு மேல் கண் மருத்துவரிடம் கண் அழுத்தம், விழித்திரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். கடையில் பவர் மட்டும்தான் பார்ப்பார்கள். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு கண்ணாடிக்கு அளவு கொடுங்கள்.

* உங்கள் வேலையைச் சொல்லுங்கள்: நாள் முழுக்க கம்ப்யூட்டரா, தையல் மெஷினா, வண்டி ஓட்டுபவரா? எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன் இருப்பவருக்கு, அதற்கென்றே இருக்கும் ஆபீஸ் லென்ஸ் அதிக வசதியாக இருக்கலாம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

* ஃபிரேம்: கண்மணியிலிருந்து ஃபிரேமின் கீழ் விளிம்புவரை போதிய இடம் வேண்டும். 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. மூக்கில் வழுக்கி இறங்காத ஃபிரேமாகப் பாருங்கள். அது இறங்கினால் அளவு மொத்தமும் இறங்கிவிடும்.

* அளவு: முதலில் ஃபிரேமை உங்கள் முகத்துக்கு வளைத்துச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் அளவு. மூக்கின் நடுவிலிருந்து இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மொத்தம் 62 என்று எடுத்துப் பாதியாகப் பிரித்தால் போதாது. ஒருவருக்கு 30-ம் 32-ம் ஆக இருக்கலாம். உயரத்துக்கும் தனியாகப் புள்ளி வைக்க வேண்டும். ஆன்லைனில் வாங்குவோருக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

* பணம் எங்கே போகிறது? லென்ஸ் வடிவமைப்புக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. வடிவமைப்பு நன்றாக இருந்தால் தெளிவான பாதை அகலமாகும். ஒளி பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங், இரவில் வண்டி ஓட்டுபவருக்கு உதவும். பவர் குறைவாக இருப்பவருக்கு மிக மெல்லிய விலையுயர்ந்த லென்ஸ் தேவைப்படாது. 'புளூ கட்' பற்றி யோசித்து முடிவெடுங்கள். அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

* பில்: லென்ஸின் கம்பெனி, மாடல், கோட்டிங், வாரன்ட்டி எல்லாம் பில்லில் இருக்கட்டும். "ஒத்துக்கலைன்னா மாத்தித் தருவீங்களா? எத்தனை நாளுக்குள்ள?" என்று முன்கூட்டியே கேட்டு, எழுதி வாங்குங்கள்.

உண்மையிலேயே பழக வேண்டியது எது?

புரோகிரசிவ் பழகச் சில நாள்கள் ஆகும் என்பது நிஜம்தான். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பழகிவிடும். காலையில் எழுந்ததும் மாட்டுங்கள். பழைய கண்ணாடிக்கும் புதியதற்கும் மாறி மாறித் தாவாதீர்கள். பக்கவாட்டில் பார்க்கக் கண்ணை மட்டும் உருட்டாமல் முகத்தைத் திருப்புங்கள். படி இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள், கைப்பிடியையும் பிடித்துக்கொள்ளுங்கள். பழகும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

நேராகப் பார்த்தாலே மங்கல், போர்டையோ டி.வி-யையோ பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது, படிக்க முகத்தை அண்ணாந்து தூக்க வேண்டியிருக்கிறது, ஒரு கண்ணை மூடினால்தான் தெளிவாகிறது... இவையெல்லாம் பழக்கத்தில் சரியாகிற விஷயங்கள் அல்ல. அளவிலோ பவரிலோ பிழை இருக்கலாம். உடனே கடைக்குப் போய், "என் முகத்துல மாட்டி, மறுபடி புள்ளி வெச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். வயதான அப்பா, அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தால் கூடவே போங்கள். அவர்களுக்கு ஒரு தடுமாற்றம் என்பது கைப் பிசகலோடு நிற்காது.

கடைசியில் என்ன ஆனது?

ஆப்டோமெட்ரிஸ்ட் அளவுப் பிழையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதோடு பழைய கடைக்கே போனோம். "கஸ்டமைஸ்டு லென்ஸ் சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார் பையன். நாங்கள் குரலை உயர்த்தவில்லை. மேனேஜரை வரச் சொல்லி, புள்ளி வைத்த லென்ஸை அக்கா முகத்தில் மாட்டிக் காட்டினோம். அவர் பார்த்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. "லென்ஸை மாத்தித் தர்றோம். ஃபிரேமுக்கு மட்டும் வித்தியாசத்தைக் கட்டிடுங்க" என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்வது என்று முடிவுசெய்திருந்தோம். தேவைப்படவில்லை.

புதுக் கண்ணாடி வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஓரத்தில் நெளிவு இன்னும் இருக்கிறது. அது இருக்கத்தான் செய்யும். மாடிப்படியில் அக்கா இப்போதும் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறார். நேற்று போன் செய்தார்.

"போர்டும் தெரியுது, நோட்டும் தெரியுது. கடைசி பெஞ்சுல எவன் தூங்குறான்னும் தெரியுதுடா!"