குறுக்குவில்லும் இழுகயிறும்



சென்ற ஆண்டு நம் பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். அமெரிக்கக் காட்டில் மான் வேட்டைக்குப் புறப்பட்ட ஒரு பெரியவரின் படம் அது. தலை முழுதும் நரைத்திருந்தது. ஒரு குறுக்குவில்லின் முனையைத் தரையில் ஊன்றி, அங்கிருந்த வளையத்துக்குள் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு, இரு கைகளாலும் ஒரு கயிற்றை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தத் தாத்தா எதுக்குக் கயித்தை இழுக்கிறார்?" என்று அவன் கேட்டான். நாம் வாய் திறப்பதற்குள் பின்வரிசையில் இருந்த இன்னொரு பையன், "கையில பலம் இல்லாதவங்கதான் கயிறு போட்டு இழுப்பாங்க" என்றான். வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கு முழுப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இன்று அதைச் சொல்லப் போகிறோம். மான் வேட்டைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். காண்டாக் கம்பு சுமந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இது விளங்காத செய்தி அன்று.

முதலில் குறுக்குவில் என்பது யாது? சாதாரண வில்லை நாம் செங்குத்தாகப் பிடிக்கிறோம். குறுக்குவில்லிலோ, துப்பாக்கிக் கட்டை போன்ற ஒரு நீண்ட கட்டையின் முனையில் வில் படுக்கைவாட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. நாணைப் பின்னால் இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கும். பிறகு குட்டையான அம்பை வைத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால் கொக்கி நழுவும், அம்பு பாயும். நம் நாட்டுப் பூர்வகுடி மக்களின் ஊதுகுழலைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூச்சே விசை. வில்லுக்குக் கையே விசை. குறுக்குவில்லுக்கோ கை முன்கூட்டியே சேமித்து வைத்த பலம் விசையாகிறது. நாண் கொக்கியில் ஏறியபின் வேட்டைக்காரர் கை நடுங்காமல் எவ்வளவு நேரமும் குறிபார்க்கலாம்.

இது மிகப் பழைய கருவி. 1974ஆம் ஆண்டு சீனாவின் சியான் நகருக்கு அருகே கிணறு தோண்டிய குடியானவர்கள் களிமண் படைவீரர் சிலைகளைக் கண்டெடுத்தார்கள் அல்லவா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் படையோடு வெண்கலத்தால் செய்த குறுக்குவில் விசைகளும் கிடைத்தன.

கருவி வலுவாக வலுவாக ஒரு தொல்லை வளர்ந்தது. வில் எவ்வளவு விறைப்போ, அவ்வளவு வேகமாக அம்பு பாயும். ஆனால் விறைப்பான வில்லின் நாணை இழுப்பது யார்? பழைய கிரேக்கர் கட்டையின் பின்முனையை வயிற்றில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார்கள். ஐரோப்பியர் கட்டையின் முனையில் இரும்பு வளையம் வைத்து, அதைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார்கள். பிறகு இடுப்புக் கச்சையில் கொக்கி வைத்தார்கள். குனிந்து நாணை அதில் மாட்டி நிமிர்ந்தால், கை செய்த வேலையைக் காலும் முதுகும் செய்தன. அதற்குப் பின் ஆட்டின் காலைப்போல் கவைத்த நெம்புகோல், கப்பிகளோடு கூடிய கைராட்டினம், பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 15ஆம் நூற்றாண்டில் எஃகினால் செய்த சில வில்களின் நாணை இழுக்க 1000 ராத்தலுக்கு மேற்பட்ட பலம் வேண்டியிருந்தது. எந்தப் பயில்வானின் கைக்கும் அது அடங்காது. அந்தக் காலத்துப் போர்வீரர்கள் கோழைகள் அல்லர். ஆனாலும் கருவி வைத்துத்தான் நாண் பூட்டினார்கள். பின்வரிசைப் பையனுக்கு இதை நாம் தனியாகச் சொன்னோம்.

இன்றைய வேட்டைக்குப் பயன்படும் குறுக்குவில்லின் இழுப்பு பெரும்பாலும் 150 ராத்தலிலிருந்து 200 ராத்தல் வரை இருக்கும். 150 ராத்தல் என்றால் 68 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டை ஏழினைக் கட்டி வைத்து, குனிந்து ஒரே மூச்சில் தூக்குவதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதுவும் பிடிப்பதற்கு மூட்டையின் காது இல்லை. மெல்லிய நாண், விரலை அறுக்கிறாற்போல் இருக்கும்.

இங்கேதான் படத்தில் இருந்த அந்தக் கயிறு வருகிறது. இதை இழுகயிறு என்று அழைப்போம். அமைப்பு மிக எளிது. ஒரு கயிறு, அதன் இரு முனைகளிலும் கைப்பிடி, கயிற்றில் ஓடும் இரண்டு கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சிறு கப்பி. கயிற்றின் நடுப்பகுதியைக் கட்டையின் பின்புறம் உள்ள பள்ளத்தில் பதிய வைக்க வேண்டும். கட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரு கொக்கிகளையும் நாணில் மாட்ட வேண்டும். பிறகு கைப்பிடிகளைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் நாண் ஏறிவந்து கொக்கியில் 'கிளிக்' என்று உட்காரும்.

பாரம் எப்படிக் குறைகிறது? கப்பி என்றதும் கிணறுதான் நம் நினைவுக்கு வரும். கிணற்றுக் கப்பி பாரத்தைக் குறைக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். நாமும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போகும்வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். அது சரியன்று. மேலே நிலையாகக் கட்டிய கப்பி இழுக்கும் திசையை மாத்திரம் மாற்றுகிறது. பத்துக் கிலோ வாளிக்குப் பத்துக் கிலோ பலம் கொடுத்தே தீரவேண்டும். கீழ்நோக்கி இழுப்பது உடம்புக்கு வசதி, அவ்வளவுதான்.

இழுகயிற்றின் கப்பி அப்படிப்பட்டதன்று. அது பாரத்தோடு சேர்ந்து நகரும் கப்பி. அதன் ஒரு பக்கத்துக் கயிறு கட்டையில் பிடிபட்டிருக்கிறது; மறுபக்கத்துக் கயிறு உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே கொக்கியின் பாரத்தில் பாதியைக் கட்டை தாங்கிக்கொள்கிறது. இரண்டு கப்பிகளிலும் சேர்த்து நான்கு கயிறுகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 68 கிலோவில் ஆளுக்குப் பதினேழு. அவற்றில் இரண்டுதாம் நம் கைகளில் வருபவை. வெறுங்கையால் இழுத்தால் ஒரு கைக்கு 34 கிலோ. இழுகயிற்றால் இழுத்தால் 17 கிலோ. கப்பியின் உராய்வுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

சும்மா கிடைக்கிறதா இந்த இலாபம்? இல்லை. நாண் ஓர் அடி ஏற வேண்டுமானால் கை இரண்டு அடி ஏற வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் செலுத்திவிடுகிறோம். ஆனால் 68 கிலோவை ஓர் அடி தூக்க முடியாத உடம்பு, 34 கிலோவை இரண்டு அடி தூக்கிவிடும். செலவாகும் உழைப்பு ஒன்றே. முதுகு அதை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு.

இதுவரை பலத்தைப் பற்றியே பேசினோம். வேட்டைக்காரர்கள் இழுகயிற்றை விரும்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை நமக்கு எடுத்துக் கொடுத்தவர் நம் தந்தையார்.

தந்தையார் பால்மரம் வெட்டியவர். காலையில் வெட்டிய பாலை மங்கு மங்காகச் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியை மாட்டி, மேடும் பள்ளமுமான வழியில் ஸ்டோருக்குச் சுமந்து போவார். அவருடைய வலது தோளில் கம்பு பட்ட இடம் காய்த்துப் போய், இன்றைக்கும் கையால் தடவினால் முடிச்சுப்போல் தட்டுப்படும். வயது எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டினோம். கயிறு எப்படிப் பாரத்தைக் குறைக்கிறது என்று நாம் சொல்லத் தொடங்கியபோது அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அதெல்லாம் சரிப்பா. ரெண்டு பக்கமும் சமமா வருதா?" என்று கேட்டார்.

நாம் வியந்துபோனோம். காண்டாவில் ஒரு வாளியில் பால் கூடிப்போனால் கம்பு சாயும், நடை தடுமாறும், பால் சிந்தும், அன்றைய கூலி குறையும். முப்பது வருடம் சுமந்தவருக்குப் பாரத்தைவிடச் சமநிலைதான் பெரிதாகத் தோன்றியிருக்கிறது. குறுக்குவில்லிலும் அதுவே உண்மை.

வெறுங்கையால் நாணை இழுக்கும்போது ஒரு கை மற்றக் கையைவிடச் சற்று அதிகமாக இழுத்துவிடும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இது இயல்பு. நாணின் நடு கொக்கியின் நடுவில் உட்காராமல் ஓரமாக விலகிவிடும். விலகல் நெல்மணி அளவுதான் இருக்கும். கண்ணுக்கும் தெரியாது. ஆனால் வில்லின் ஒரு கை அதிகமாக வளைந்தும் மற்றது குறைவாக வளைந்தும் நிற்பதால், அம்பு விடுபட்டதும் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும். முப்பது கஜத் தூரத்தில் அது சில அங்குலமாகிவிடும். அதைவிட மோசம், ஒவ்வொரு முறையும் விலகல் ஒரே அளவாக இராது. நேற்று சரிபார்த்து வைத்த குறி இன்று பொய்த்துப்போகும்.

மானின் நெஞ்சுக்கு வைத்த குறி சில அங்குலம் தவறினால் என்ன நடக்கும்? அம்பு வயிற்றில் பாயும். மான் விழாது, ஓடும். புதருக்குள் போய்க் கிடந்து பல மணி நேரம் துடித்துச் சாகும். வேட்டைக்காரர் இரத்தச் சுவட்டைத் தேடி இருட்டும்வரை அலைவார். கண்டுபிடித்தாலும் பிடிப்பார், இல்லாவிட்டாலும் இல்லை. வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு. வேட்டையாடுகிறவர் ஓர் உயிரை எடுக்கப் போகிறார் என்றால், அதை ஒரே அம்பில், நோவில்லாமல் எடுக்கக் கடமைப்பட்டவர் என்று நாம் கருதுகிறோம். இழுகயிற்றின் இரு கொக்கிகளும் கட்டையை ஒட்டினாற்போல் இருபுறமும் நாணைப் பிடித்திருப்பதால், கைகள் கொஞ்சம் முன்பின்னாக இழுத்தாலும் நாண் நேராக ஏறுகிறது. படத்தில் இருந்த பெரியவர் பலமில்லாததால் மட்டும் அதைப் பயன்படுத்தவில்லை. நல்ல வாலிபரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

பலம் குறைந்தவருக்கும் இது வரப்பிரசாதம் என்பதை மறுக்கவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், வில் வேட்டைப் பருவத்தில் குறுக்குவில்லை உடல் ஊனமுற்றோருக்கு அல்லது முதியோருக்கு மட்டுமே முதலில் அனுமதித்தார்கள். பிறகுதான் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் அது 2014இல் நடந்தது. தோள்பட்டை தேய்ந்தவர்களுக்கும் இருதய நோய்க்காரர்களுக்கும் கயிறும் போதாது. அவர்களுக்குக் கைப்பிடியைச் சுழற்றி நாண் ஏற்றும் ராட்டினக் கருவி உண்டு. பத்து, பதினைந்து ராத்தல் பலம் இருந்தாலே போதும். ஆனால் நேரம் பிடிக்கும். விலையும் எடையும் அதிகம். 1346ஆம் ஆண்டு கிரெசி என்னும் இடத்தில் நடந்த போரில், குறுக்குவில் வீரர்கள் ஓர் அம்பு பூட்டுவதற்குள் ஆங்கில நெடுவில்லாளர்கள் பல அம்புகளை எய்துவிட்டார்கள். வேட்டைக்கு இந்தத் தாமதம் ஒரு குறையன்று. விடியற்காலையில் ஒருமுறை நாண் ஏற்றிவிட்டு நாள் முழுதும் காத்திருப்பவர்தாமே அவர்!

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். இழுக்கும்போது கால் வளையத்துக்குள் முழுதாக நுழைந்திருக்க வேண்டும்; செருப்புக் காலோடு மிதிக்கலாகாது. பிரிந்து நைந்த கயிற்றை அன்றைக்கே தூக்கி எறிந்துவிட வேண்டும். பாதி இழுப்பில் அது அறுந்தால் கைப்பிடி முகத்துக்கு வரும். ராட்டினத்தில் நாணை இறக்கும்போது கைப்பிடியை நழுவ விட்டால் அது சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். நாண் ஏறியதும் கயிற்றைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எய்யும்போது கட்டையைத் தாங்கிய கையின் கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே நீண்டுவிடக் கூடாது. கவனமில்லாமல் விரலை இழந்தவர்கள் உண்டு. அம்பு இல்லாமல் வெறும் நாணை விட்டால் வில்லே உடைந்து தெறிக்கும். அம்பு பூட்டிய வில்லோடு மரம் ஏறவே கூடாது.

கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு ஒரு வில்லைச் செய்துகொண்டு காட்டுக்குள் புறப்பட்டுவிட வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது குற்றம். இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் காட்டு விலங்குகளைக் குறுக்குவில்லால் கொல்வதையே தடை செய்திருக்கிறது.

வில் இல்லாமலே இந்தக் கயிற்றின் வித்தையைப் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கலாம். வேண்டியவை ஒரு வாளி தண்ணீர், ஒரு கயிறு, கடையில் விற்கும் ஒரு சிறு கப்பி, மீன்காரர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு. முதலில் வாளியைத் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள். பிறகு கயிற்றின் ஒரு முனையை வீட்டு உத்தரத்தில் கட்டுங்கள். கப்பியை வாளியின் பிடியில் மாட்டி, கயிற்றை அதனடியில் நுழைத்து மேலே கொண்டுவந்து, மறுமுனையில் தராசைக் கட்டி மேல்நோக்கி இழுங்கள். நம் வகுப்பில் பத்துக் கிலோ வாளிக்குத் தராசு ஐந்தரைக்கும் சற்றுக் குறைவாகக் காட்டியது. கப்பியை எடுத்துவிட்டு வாளிப் பிடிக்குள்ளேயே கயிற்றை நுழைத்து இழுத்தபோது ஆறரை வந்தது; கயிறு பிடியில் உரசுவதுதான் காரணம். அளவுகோல் பிடித்து எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று அளந்து எழுதியவன், அன்று சிரித்த அதே பின்வரிசைப் பையன்தான். உத்தரம் உறுதியானதா என்று பெரியவர்கள் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாளிக்கு அடியில் சிறு பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.