கையில் மூன்று காப்பீடு, கண்ணில் புரை

நம்முடைய மாதாந்திரக் கூட்டங்களில் விதையைப் பற்றிப் பேசுகிறோம், மண்ணைப் பற்றிப் பேசுகிறோம், மாட்டுக்கு வரும் மடிநோயைப் பற்றிக்கூட ஒரு மணி நேரம் பேசுகிறோம். கண்ணைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கைபேசியைப் பக்கத்தில் இருக்கும் பையனிடம் நீட்டி, "என்னன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்கிறவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் அதிகமாகிறார்கள்.

ரசாயனம் போடுகிறவர் நாள் கணக்கு வைத்து மருந்தடித்துவிடலாம். நாம் அப்படியில்லை. இலைக்கு அடியில் முட்டை இருக்கிறதா, நன்மை செய்யும் பூச்சி வந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். விதைநெல்லில் கலவன் பொறுக்கக் கண் வேண்டும். ராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்தால் வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்து மோட்டார் போடப் போகவும் கண் வேண்டும்.

வங்கியில் இருந்து ஓய்வுபெற்று ஒட்டன்சத்திரம் பக்கம் நிலம் பார்க்க வந்த நாளில் இருந்து, ஊரில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். போன தை மாதம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார். வயது 61. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப மோசம். மகன் நான்கு மாதத்துக்கு முன்புதான் ஒரு தனியார் நிறுவனத்தில் காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தான். அதை நம்பி மருத்துவமனைக்குப் போனால், பணம் தர முடியாது என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. "மூணு இன்சூரன்ஸ் இருக்கு சார். ஒண்ணுகூடக் கண்ணுக்கு ஆகாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றையும் எடுத்து வைத்துப் படித்தோம்.

முதலாவது, வங்கிக் கணக்கில் வருடா வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. இது விபத்துக் காப்பீடு. விபத்தில் உயிர் போனாலோ, இரண்டு கண்ணும் மீளமுடியாதபடி போனாலோ 2 லட்சம். ஒரு கண் போனால் 1 லட்சம். அறுவைச் சிகிச்சைச் செலவை இது தராது. அதற்காக விட்டுவிடாதீர்கள். அரிவாள், முள், தெறிக்கும் கம்பி என்று நம் தொழிலில் கண்ணுக்கு விபத்து அதிகம். மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடு நின்றுவிடும். பாஸ்புக்கைப் போட்டு, பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று ஜூனில் ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012 முதல் இப்போதைய பெயரில் நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் இது செல்லும். ஆகவே படுக்கையில் சேருவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவதுதான் அண்ணனைக் கைவிட்ட தனியார் பாலிசி. பத்திரத்தின் உள்ளே, பொடி எழுத்தில், கண்புரைக்கு 24 மாதம் காத்திருப்புக் காலம் என்று இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் நிறுவனம் செய்தது சரி. விற்ற முகவர் அதை வாய் திறந்து சொல்லவில்லை என்பதுதான் அநியாயம். புரை விழுந்த கண்ணால் அந்தப் பொடி எழுத்தை எப்படிப் படிப்பது?

இது ஒரு நிறுவனத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்க வேண்டும் என்று கொண்டுவந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியிலும் கண்புரைக்கு 24 மாதம்தான். அதில் உச்சவரம்பும் உண்டு: காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 1 லட்சத்துக்கு எடுத்தவருக்குக் கண்ணுக்கு 25,000-க்கு மேல் கிடைக்காது. அதிலும் 5 சதவீதம் நாம் போட வேண்டும். விலை கூடிய லென்ஸ் கேட்டால் மிச்சம் நம் பையில் இருந்துதான். கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்யும் பவர் திருத்த அறுவைக்கு, பவர் 7.5-க்குக் குறைவு என்றால் பணம் கிடையாது.

ஆகவே பாலிசி எடுப்பதென்றால் 50 வயதுக்கு முன்பே, கண் தெளிவாக இருக்கும்போதே எடுங்கள். வருடம் தவறாமல் புதுப்பியுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் 'காத்திருப்புக் காலம்', 'உச்சவரம்பு' என்ற இரண்டு இடத்தையும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நியாயமான கோரிக்கையை மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

சரி, அண்ணனுக்கு என்ன வழி? காப்பீடு இல்லாவிட்டால் கண்புரை அறுவை கிடையாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியில்லை. பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976-இல் இருந்து நடக்கிறது. அரசு மருத்துவமனையில் கண்புரை அறுவை, லென்ஸ் உட்பட, கட்டணமில்லாமல் செய்கிறார்கள். அதே 1976-இல்தான் மதுரையில், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரலாலேயே ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தார். பணம் கட்டுகிறவர்களின் வருவாயில் கட்ட முடியாதவர்களுக்கும் செய்வது அங்கே ஏற்பாடு. 1992-இல் அவர்கள் தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டிருந்த லென்ஸை இங்கேயே மலிவாகச் செய்துகாட்டியது. முகாமுக்குப் போனால் சோதித்து, தேவைப்பட்டவர்களை வண்டியில் கூட்டிப்போய் அறுவை முடித்துக் கொண்டுவந்து விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அண்ணனுக்கு மாசியில் அப்படித்தான் நடந்தது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. அக்காவுக்கு அவரைவிட மோசமாகப் புரை இருந்திருக்கிறது. விதைக்கு எடுத்த அவரையைத் தொட்டுத் தடவித்தான் பொறுக்கியிருக்கிறார், யாருக்கும் தெரியாது. "நாலு மாடு இருக்கு சார். நான் போயிட்டா யாரு பால் கறக்கறது?" என்றார். அவருக்குத் தடை காசும் இல்லை, காப்பீடும் இல்லை. பால் கறக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நாங்கள் நான்கு வீட்டார் முறை வைத்துக் கறந்தோம். பங்குனியில் அவருக்கும் முடிந்தது.

நம்மவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொன்னாங்கண்ணியும் முருங்கையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் விழுந்த புரையை எந்தக் கீரையும் எந்தச் சொட்டும் கரைக்காது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. அதை எடுத்துவிட்டு வேறு வைப்பது ஒன்றே வழி. "முத்தட்டும்" என்று காத்திருப்பதும் பழைய கணக்கு. ரொம்ப முற்றினால் கண்ணில் அழுத்தம் ஏறி, இருக்கிற பார்வையும் போகலாம்.

நெல் சுணையோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறினால் தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். தாவரக் கீறலில் பூஞ்சை புகுந்து கருவிழியில் புண் வரும். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் வேகமாகப் பரவும். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

அறுவை முடிந்தபின் மருத்துவர் சொல்லும்வரை சாணம், தொழுவுரம், தூற்றல், பஞ்சகவ்யா தெளிப்பு எதுவும் வேண்டாம். ஆகவே அறுப்புக்கும் நடவுக்கும் இடைப்பட்ட ஓய்ந்த வாரங்களாகப் பார்த்து நாள் குறியுங்கள்.

இயக்கத்துக்கு என் யோசனை இது. அடுத்த கூட்டத்துக்கு விதை கொண்டு வரும்போது காப்பீட்டுப் பத்திரம், பாஸ்புக், முதலமைச்சர் திட்ட அட்டை மூன்றையும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து படித்துவிடுவோம். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் எதிர்ச் சுவரில் உள்ள நாள்காட்டியைப் படித்துப் பாருங்கள். நல்ல கண் ஒன்று இருந்தால் கெட்ட கண் இருப்பதே தெரியாது. வீட்டுப் பெண்களையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். யாருக்கு அறுவை என்றாலும், அவர் வீட்டு மாட்டை யார் பார்ப்பது என்று அதே கூட்டத்தில் பேர் எழுதிவிடுவோம்.