செம்பு நாட்டில் நத்தார்

கிறிஸ்து பிறப்பு விழாவை இலங்கைத் தமிழராகிய நாம் 'நத்தார்' என்று அழைக்கிறோம். தமிழகத்து அன்பர்களுக்கு இச்சொல் புதிதாகத் தோன்றலாம். கனடாவிலே பிறந்து வளரும் எமது மாணவச் செல்வங்கள் பலரும் இதனை வீட்டுப் பெரியோர் வாயிலாக மட்டுமே கேட்டிருப்பர். போர்த்துக்கேய மொழியிலே 'நத்தால்' என்பது பிறப்பைக் குறிக்கும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் அதுவே பெயர். போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கையை அடைந்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் ஆகிய சொற்களோடு நத்தாரையும் அவர்கள் எம்மிடம் விட்டுச் சென்றனர்.

இதே சொல் ஆபிரிக்காவின் வரைபடத்திலும் உண்டு. 1497 ஆம் ஆண்டு நத்தார் காலத்திலே ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரமாகச் சென்ற வாஸ்கோ ட காமா, அக்கரைக்கு 'நத்தால்' எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் அதனை 'நேட்டால்' என்றனர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழரையும் தெலுங்கரையும் இறக்கிய இடமும் அக்கரையே. தம் பெயரிலேயே நத்தாரைத் தாங்கிய நாட்டில் தாம் குடியேறினர் என்பதை அம்மக்கள் அன்று அறிந்திருக்க மாட்டார்கள்.

எம் குடும்பம் சென்றது நேட்டாலுக்கு அன்று. அதற்கு வடக்கே, கடற்கரையே இல்லாத சாம்பியாவுக்கு. அந்நாட்டிலே பன்னிரண்டு நத்தார்களைக் கொண்டாடினோம். அவை எவ்வாறு அமைந்தன என்பதை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். பனியில்லாமல் நத்தார் உண்டோ என்று எமது பாடசாலைச் சிறார் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கும் இதில் ஓரளவு விடை கிடைக்கும்.

முதலில், எம்மவர் அங்கே சென்ற காரணத்தைக் கூறவேண்டும். 1964 ஒக்டோபர் 24 இல் சாம்பியா சுதந்திரம் பெற்றபோது, அந்நாட்டிலே பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருந்தோர் ஏறத்தாழ நூறு பேரே. ஆனால் நிலத்தடியிலே செம்பு நிறைந்திருந்தது. அச்செல்வத்தைக் கொண்டு புதிய அரசு நாடெங்கும் பாடசாலைகளைக் கட்டியது. முதலாவது சனாதிபதி கெனத் கவுண்டா, தாமும் ஆசிரியராகப் பணியாற்றியவர். கட்டடங்கள் எழுந்தன, கற்பிக்க ஆள் இல்லை. ஆகவே பிரித்தானியா, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்த அடிப்படையில் ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். இலங்கையிலோ 1970 களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும், பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலும் எம்மவரை வெளியே நோக்கச் செய்தன. நாம் 1979 இல் சென்றோம். செம்புச் சுரங்கங்கள் நிறைந்த வடபகுதியிலே, கிட்வே நகரில் எமக்குப் பணி கிடைத்தது. அங்கே எமக்கு அறிமுகமான தமிழ்க் குடும்பங்கள் ஆறு. அவற்றுள் இரண்டே கிறிஸ்தவக் குடும்பங்கள். எனினும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் அவர்கள் இல்லம் சென்றோம். நத்தாருக்கு அனைவரும் எம் இல்லம் வந்தனர்.

இனிப் பருவநிலையைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ பத்துப் பாகையிலும், கிட்வே அதற்குத் தெற்கே ஏறத்தாழ பதின்மூன்று பாகையிலும் அமைந்துள்ளன. டிசம்பரிலே இரண்டு இடங்களிலும் மழைக்காலம். சூரியன் தெற்கே செல்லுந்தோறும் அதனைத் தொடர்ந்து மழை வலயமும் தெற்கே நகர்கிறது. எமது ஊரை ஒக்டோபர், நவம்பரில் நனைத்துவிட்டு, நத்தார் காலத்திலே அது சாம்பியாவின் மேல் நிலைகொள்கிறது. ஆகவே ஆபிரிக்கா என்றவுடன் சுடுமணலை எதிர்பார்த்துச் சென்ற நாம், முதல் நத்தாரன்று சேறு படிந்த சப்பாத்துகளோடு ஆலயம் சென்றோம். கிட்வே கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீற்றர் அளவு உயரத்தில் உள்ளமையால் இரவிலே குளிரும் உண்டு. வீதியோரங்களிலே செம்மயிற்கொன்றை பூத்துக் கிடக்கும். மாமரங்களின் கீழே, பொறுக்குவார் இன்றிப் பழங்கள் சிதறிக் கிடக்கும்.

இத்தகைய நாட்டிலே கடைக் கண்ணாடிகளில் பஞ்சை ஒட்டிப் பனி என்று காட்டினார்கள்! இதனைக் கண்டு நகைப்பதற்கு எமக்கு உரிமை இல்லை. யாழ்ப்பாணத்திலே சவுக்குக் கிளையை வெட்டி வந்து, அதன்மேல் பஞ்சைத் தூவியவர்கள் நாம். வெள்ளைக்காரர் வாழ்த்து அட்டையிலே கண்ட குளிரை இரு நாட்டாரும் நத்தார் என்று நம்பிவிட்டோம். செம்பு வலயத்திலே அரசு வளர்த்த ஊசியிலைக் காடுகள் இருந்தமையால், சாம்பியாவிலே எமக்கு உண்மையான ஊசியிலைக் கிளையே கிடைத்தது. அதன்மேல் பஞ்சு வைப்பதில்லை என்று இரண்டாம் ஆண்டிலேயே முடிவு செய்தோம். அங்கேயே பிறந்த எம் இளைய மகள், கிளையிலே தொங்கவிட மாங்காய்களைக் கொண்டுவந்தாள். கிளை முறிந்தது வேறு கதை.

மழையின் முதல் வாரங்களிலே புற்றுகளிலிருந்து ஈசல் கூட்டங் கூட்டமாகப் புறப்படும். பெம்பா மொழியிலே அதனை 'இன்ஸ்வா' என்பர். தெருவிளக்கின் கீழே சிறுவர் நீர் நிறைந்த பாத்திரங்களை வைத்து ஈசல் பிடிப்பர். இறகை நீக்கி, உப்பிட்டு வறுத்து உண்பர். தொடக்கத்திலே எம் பிள்ளைகள் முகஞ் சுளித்தனர். அவ்வேளை நாம் அவர்களுக்குக் கூறியதை இங்கும் கூறுகிறோம். புறநானூற்றிலே, பாரியின் நாட்டு வளத்தைப் பாடும் கபிலர், செம்புற்றின் ஈசலை மோரிலே சேர்த்து ஆக்கிய புளித்த உணவைக் குறிப்பிடுகிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தமிழர் விரும்பி உண்டதைச் சாம்பியர் இன்றும் உண்கின்றனர்; அவ்வளவே வேறுபாடு.

எமது பலகாரங்களுக்கு வருவோம். நத்தார் என்றால் பயற்றம் பணியாரம், முறுக்கு, சீனி அரியதரம், தொதல், ரவை சேர்த்த நத்தார் கேக் ஆகியன வேண்டும். 1970 களின் நடுப்பகுதியில் உலகச் சந்தையிலே செம்பின் விலை வீழ்ந்தபின், சாம்பியாவிலே சீனிக்கும் எண்ணெய்க்கும் கோதுமை மாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. எண்ணெய் வந்துவிட்டது என்ற செய்தி வகுப்பறைக்கு எட்டினால், ஆசிரியர் முதலில் ஓடுவதா மாணவர் முதலில் ஓடுவதா என்ற நிலை. அரிசி, மேற்கு மாகாணத்து மொங்குவிலிருந்து வந்தது, மணமுள்ள நல்லரிசி. தேங்காய்தான் இல்லை. தேங்காய்ப் பால் இல்லாமல் தொதல் எங்ஙனம் கிண்டுவது?

இதற்கு வழி காட்டியவர் எமது அடுத்த வீட்டு அம்மையார். அந்நாட்டார் நிலக்கடலையை உரலிலே இடித்து, அம்மாவிலே கீரையை அவித்து 'இஃபிசாஷி' என்னும் கறி ஆக்குவர். எமது தேங்காய்ப் பாற் கறிக்கும் அதற்கும் சுவையிலே அதிகத் தூரமில்லை. அவ்வாறே நாமும் நிலக்கடலையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பாலெடுத்தோம். சர்க்கரைக்குப் பதிலாகச் சீனியைக் கருக விட்டோம். தொதல் இறுகுவதற்கு நெடுநேரம் சென்றது. நிறமும் சற்று வெளிறியிருந்தது. ஆயினும் அது தொதலே. அம்மையாருக்கு ஒரு தட்டு அனுப்பினோம். அவர் முழந்தாளிட்டு இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பெரியோரிடமிருந்தும் விருந்தினரிடமிருந்தும் பொருளைப் பெறும்போது அவ்வாறு பணிவது அங்கே மரபு.

ஆலய வழிபாடு பற்றியும் சில கூற வேண்டும். 1960 கள் வரை உலகின் பெரும்பகுதியில் கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீன் மொழியிலேயே நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் அக்காலத்திலே கிட்வே சென்றிருந்தால், ஊரிலே கேட்ட அதே மந்திரங்களைக் கேட்டிருப்பான். பொருள் இங்கும் விளங்காது, அங்கும் விளங்காது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. எமது ஆலயங்களிலே தமிழ் ஒலித்தது. அங்கே பெம்பா ஒலித்தது. முரசுகள் உள்ளே வந்தன. நள்ளிரவிலே வானவர் கீதம் தொடங்கியதும் மணிகள் ஒலிக்க, முரசுகள் அதிர, 'சிட்டெங்கே' என்னும் வண்ணத் துணியை இடையிலே சுற்றிய பெண்கள் வரிசையாக ஆடியவண்ணம் காணிக்கைகளைக் கொண்டுவருவர். சோளம், கோழி, பூசணிக்காய் எல்லாம் பலிபீடத்தை நோக்கிச் செல்லும். கோழி இடையிடையே தன் கருத்தையும் தெரிவிக்கும். வழிபாடு மூன்று மணி நேரம் நீண்டாலும் எவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மொழி புரியாவிடினும், அடுத்து என்ன நிகழும் என்பது எமக்குத் தெரியும். எழவேண்டிய இடத்தில் எழுந்தோம், முழந்தாளிட வேண்டிய இடத்தில் முழந்தாளிட்டோம்.

1986 ஆம் ஆண்டு டிசம்பரை மறத்தல் இயலாது. வெளிநாட்டுக் கடன் நெருக்கடியால், அனைத்துலக நாணய நிதியத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி சோள மாவுக்கான மானியத்தை அரசு குறைத்தது. நயமான மாவின் விலை ஒரேயடியாக இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. சோள மாவுக் களியே அந்நாட்டாரின் உணவு. அது இல்லையேல், வேறு எதை உண்டாலும் உண்டதாகக் கொள்ளார். செம்பு வலயத்து நகரங்களிலே மக்கள் கொதித்தெழுந்தனர். கடைகள் சூறையாடப்பட்டன, சுடப்பட்டுப் பலர் இறந்தனர். சில நாட்களிலே கவுண்டா விலையேற்றத்தை மீளப் பெற்றார்.

தெருவிலே கண்ணாடி உடையும் ஓசையும், ஓடுவோர் ஓசையும் எமக்குப் புதியவை அல்ல. 1983 ஜூலையில் விடுமுறைக்காகக் கொழும்பு சென்றிருந்த வேளையிலே அவற்றைக் கேட்டவர்கள் நாம். அன்று மூத்த மகனுக்கு வயது ஆறு. கிட்வேயில் அவ்வோசை கேட்டதும், ஒன்பது வயதுப் பையன் ஒரு சொல்லும் பேசாது கட்டிலின் கீழே புகுந்துகொண்டான். எம்மை எவரும் தேடி வரவில்லை. அம்மக்களின் கோபம் பசியினால் எழுந்தது, எம் மொழியையோ நிறத்தையோ பற்றியது அன்று. இதனை ஒரு சிறுவனுக்கு விளக்குவது எளிதன்று.

அவ்வாண்டு நத்தாருக்கு எவரையும் அழைப்பதில்லை என்று எண்ணியிருந்தோம். வீட்டிலே சீனியும் இல்லை, மனமும் இல்லை. நத்தாரன்று நண்பகலில் அடுத்த வீட்டு அம்மையார் தம் ஐந்து பிள்ளைகளோடு வந்தார். பெரிய பாத்திரத்திலே களியும், 'கப்பெண்டா' என்னும் நெத்தலி போன்ற உலர்மீனின் குழம்பும் கொண்டுவந்தார். அந்த மாவை அவர் எத்தனை மணி நேரம் வரிசையில் நின்று பெற்றார் என்பது எமக்குத் தெரியும். அவ்வரிசையிலே அவருக்குச் சற்றுப் பின்னால் நாமும் நின்றோம். பிள்ளைகள் அனைவரும் நிலத்திலே வட்டமாக அமர்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து கையால் உண்டனர். மூத்தவன் முதலில் கதவருகே நின்றான். சற்று நேரத்தின் பின் அவனும் கை கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தான்.

மறு ஆண்டு ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்திலே இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. கடிதங்கள் நின்றன. தொலைபேசி கிடையாது, பி.பி.சி. வானொலியிலே ஊரின் பெயர் வரும், உறவினரின் பெயர் வராது. அந்த நத்தார் நள்ளிரவுத் திருப்பலியிலே, மன்றாட்டுகளின்போது குருவானவர் பெம்பா மொழியிலே நெடிய வேண்டுதல் ஒன்றைக் கூறினார். அதிலே எமக்கு விளங்கிய சொல் ஒன்றே, 'சிறீலங்கா'. அவரிடம் எவர் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. அந்நாடு எத்திசையில் உள்ளது என்றும் அறியாத அத்தனை பேரும் ஒரே குரலாய் மறுமொழி கூறினர். ஒக்டோபர் முதல் வாரத்திலே யாழ்ப்பாணத்தில் அஞ்சலிடப்பட்ட எம் தாயாரின் நத்தார் வாழ்த்து, 1988 பெப்ரவரியிலே வந்து சேர்ந்தது. அவர் நலமாய் இருந்தார் என்பதை அதற்குச் சில நாட்களின் முன்னரே வேறொருவர் மூலம் அறிந்திருந்தோம்.

1991 இல் ஒப்பந்தம் முடிவுற்றதும் கனடா வந்தோம். இங்கே பனி தாராளமாகக் கிடைக்கிறது. தேங்காய்ப் பாலும் தகரத்திலே கிடைக்கிறது. எனினும் எம் வீட்டிலே தொதல் இன்றும் நிலக்கடலைப் பாலிலேதான் கிண்டப்படுகிறது. தேங்காய்ப் பாலிலே செய்தால் எம் பிள்ளைகளுக்கு அது நத்தார்த் தொதலாகத் தோன்றுவதில்லை. கடலை ஒவ்வாத சிறார் இருப்பதால் பாடசாலைக்கு அதனைக் கொண்டுவருவதில்லை. சுவைக்க விரும்பும் பெற்றோர் எம் இல்லத்துக்கு வரலாம்.